ஒற்றைக்கண் கதைகள் கற்பிக்கும் பாடம்



பள்ளிச் சிற்றுண்டிச் சாலையின் அருகே வந்து அமரும் காகத்தைக் கூர்ந்து கவனித்ததுண்டா? அது நம்மை நேராக நோக்குவதில்லை. தலையை ஒருபுறம் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கும். பின்னர் மறுபுறம் சாய்த்து மற்றொரு கண்ணால் பார்க்கும். இதனைக் கண்ட நம் முன்னோர், காகத்திற்குக் கண்மணி ஒன்றே என்றும், அதுவே இரு கண்களுக்கும் மாறி மாறி உருண்டோடுகிறது என்றும் சொல்லி வந்தனர். உண்மையில் காகத்திற்கு இரு கண்களும் குறைவின்றி உள்ளன. அவை தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், ஒரு பொருளை உற்று நோக்க விரும்பும்போது அது தலையைச் சாய்க்கிறது. அவ்வளவே.

ஆயினும் அந்தப் பழைய நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதைப் போலவே உலகின் பல நாடுகளிலும் ஒற்றைக்கண் உடையோரைப் பற்றிய கதைகள் வழங்குகின்றன. அவற்றுள் சிலவற்றை அறிந்து, அவை நமக்குக் கற்பிக்கும் பாடம் யாது என்று காண்போம்.

காகம் இழந்த கண்

இராமபிரான் வனவாசத்தின்போது சித்திரகூட மலையில் தங்கியிருந்தார். ஒரு நாள் அவர் சீதாபிராட்டியின் மடியில் தலைவைத்து உறங்குகையில், காகம் ஒன்று வந்து பிராட்டியை அலகால் கொத்தித் துன்புறுத்தியது. விழித்தெழுந்த இராமர், அருகில் கிடந்த தருப்பைப் புல் ஒன்றை எடுத்து மந்திரம் கூறி ஏவினார். புல் கணையாயிற்று. காகம் மூவுலகும் பறந்தோடியும் அடைக்கலம் தருவார் ஒருவருமில்லை. இறுதியில் இராமரின் காலடியிலேயே வந்து விழுந்தது. ஏவிய கணை வீணாகக் கூடாது. அடைக்கலம் புகுந்த உயிரையும் கொல்லக் கூடாது. ஆகவே காகத்தின் ஒரு கண்ணை மட்டும் அக்கணை கொண்டது, உயிர் பிழைத்தது. வான்மீகி இராமாயணத்தின் சுந்தர காண்டத்தில், அசோகவனத்தில் தம்மைக் கண்ட அனுமனிடம் பிராட்டியார் இந்நிகழ்ச்சியை அடையாளமாகக் கூறி அனுப்புகிறார்.

இங்கே ஒரு சுவையான செய்தி. நம் நாட்டில் ஊர்தோறும் காணப்படும் வீட்டுக் காகம் இம்மண்ணுக்கு உரியதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தோட்டப் பயிர்களை அழித்த புழுக்களைத் தின்பதற்காக அது இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டதென்று பறவையியலார் கூறுவர். நம் பாட்டன் பாட்டிமாரைப் போலவே காகமும் தோட்ட வேலைக்காகக் கடல் கடந்து வந்ததுதான்! அதனோடு அதன் ஒற்றைக்கண் கதையும் நம்மவர் நாவில் ஏறி வந்தது.

கண்ணப்பர் கொடுத்த கண்

காகம் தண்டனையாகக் கண்ணை இழந்தது. தாமே மனமுவந்து கண்ணைக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவரே அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவரான கண்ணப்பர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் இயற்றிய பெரியபுராணம் அவர் வரலாற்றை விரித்துரைக்கிறது.

வேடர் குலத்தில் பிறந்த திண்ணனார், காளத்தி மலையில் சிவலிங்கத்தைக் கண்டு அளவற்ற அன்பு கொண்டார். அவர் எழுத்தறியாதவர், பூசை முறையும் அறியாதவர். வாயில் நீரைச் சுமந்து வந்து நீராட்டினார். தலையில் செருகி வந்த பூக்களைச் சூட்டினார். தாம் சுவைத்துப் பார்த்த இறைச்சியைப் படைத்தார். ஆறாம் நாள், இறைவனின் கண்ணொன்றில் குருதி பெருகக் கண்டார். பச்சிலை பிழிந்தும் நிற்கவில்லை. உடனே தம் கண்ணை அம்பினால் அகழ்ந்து அப்பினார். குருதி நின்றது. மகிழ்ந்து கூத்தாடினார்.

சிறிது நேரத்தில் மற்றக் கண்ணிலும் குருதி பெருகிற்று. திண்ணனார் அஞ்சவில்லை, மருந்துதான் தெரிந்துவிட்டதே! தமது எஞ்சிய கண்ணையும் எடுத்துவிட்டால் இடம் தெரியாதென்று, இறைவனின் கண்மீது காலை ஊன்றி அடையாளம் வைத்துக்கொண்டு அம்பை எடுத்தார். இறைவன் தடுத்தாட்கொண்டார்.

அவர் ஒற்றைக் கண்ணராய் நின்ற அந்தச் சிறு பொழுதை எண்ணிப் பாருங்கள். அஞ்சத்தக்க உருவமா அது? தமிழர் அந்த உருவத்தை இன்றுவரை கோயில்களில் வைத்து வணங்கி வருகின்றனர்.

பிற நாட்டுக் கதைகள்

இனிக் கிரேக்க நாட்டுக்குச் செல்வோம். ஹோமர் என்னும் பெரும்புலவரின் 'ஒடிசி' காப்பியத்தில் சைக்ளாப்ஸ் என்னும் ஒற்றைக்கண் அரக்கர் இனம் வருகிறது. அவர்களுள் ஒருவனே ஆடு மேய்க்கும் பாலிபீமஸ். அவனது குகைக்கு விருந்தினராகச் சென்ற ஒடிசியஸ் என்னும் வீரனையும் அவன் தோழர்களையும் அவ்வரக்கன் பாறையால் அடைத்து வைத்து, வேளைக்கு இருவராகத் தின்னத் தொடங்கினான். ஒடிசியஸ் தன் பெயர் 'யாருமில்லை' என்று கூறி, அவனுக்கு மதுவூட்டி, உறங்கும்போது கூரிய மரத்தைக் காய்ச்சி அவனது கண்ணைக் குத்தினான். அரக்கன் அலறினான். ஓடிவந்த பிற அரக்கர், "யார் உன்னைத் துன்புறுத்தியது?" என்று குகைக்கு வெளியே நின்று கேட்டனர். "யாருமில்லை!" என்றான் அவன். அவர்கள் திரும்பிப் போயினர். மறுநாள், மேயப் புறப்பட்ட ஆடுகளின் வயிற்றின்கீழ் ஒளிந்து எஞ்சியோர் தப்பினர்.

இக்கதை பிறந்ததெப்படி? 1914இல் ஆஸ்திரிய நாட்டு அறிஞர் ஓத்தெனியோ ஆபெல் ஒரு கருத்தை வெளியிட்டார். மத்தியதரைக் கடல் தீவுகளில், முன்னொரு காலத்தில் வாழ்ந்து அழிந்த குள்ள யானைகளின் மண்டையோடுகள் கிடைக்கின்றன. யானை மண்டையோட்டின் நடுவே தும்பிக்கைக்குரிய பெரிய துளை உண்டு. யானையையே காணாத மக்கள் அதனை நெற்றிக்கண் என்று எண்ணியிருக்கலாம் என்பதே அவர் கருத்து. இது ஊகமேயாயினும் சிந்திக்கத் தக்கது.

வட ஐரோப்பியரின் தெய்வமான ஓடின், அறிவுக் கிணற்றின் நீரைப் பருகும் பொருட்டுத் தன் ஒரு கண்ணையே விலையாகக் கொடுத்தான் என்பர். ஜப்பானியர் கதையிலோ ஒற்றைக்கண் பூதம் ஒரு சிறுவன் வடிவில் வரும். அது வரும் நாளில் வீட்டு வாசலில் மூங்கிற்கூடையைக் கட்டி வைப்பார்களாம். கூடையின் எண்ணற்ற துளைகளைக் கண்களென்று எண்ணி, பூதம் அஞ்சி ஓடிவிடுமாம்!

நம் நாட்டுச் சுக்கிராசாரியார் கதையையும் நினைவு கூர்வோம். மாவலிச் சக்கரவர்த்தி வாமனருக்குத் தானம் செய்ய நீர் வார்த்தபோது, அதனைத் தடுக்க விரும்பிய அவனுடைய குரு, வண்டாகிச் செம்பின் துவாரத்தை அடைத்தார். வாமனர் தருப்பையால் குத்த, குருவின் ஒரு கண் போயிற்று. பிறர் கொடுப்பதைத் தடுத்தவர் தம் கண்ணை இழந்தார்.

இக்கதைகளைச் சேர்த்துப் பாருங்கள். பாலிபீமஸைத் தீயவனாக்கியது அவனது ஒற்றைக் கண்ணா? அன்று, விருந்தினரைத் தின்ற கொடுமையே. கண்ணப்பரை உயர்த்தியதும் கண்களின் எண்ணிக்கையன்று. திருவள்ளுவர் 'கண்ணோட்டம்' என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். பிறர்பால் இரக்கம் கொள்ளுதலே கண்ணோட்டம். அஃது இல்லாத கண்ணை அவர் கண்ணென்றே மதிக்கவில்லை.

வாழ்வில் ஒற்றைக்கண்

பஞ்சாபை ஆண்ட மகாராஜா ரஞ்சித் சிங் (1780–1839) சிறுவயதில் அம்மை நோயால் இடக் கண்ணின் பார்வையை இழந்தவர். கிரிக்கெட் வீரர் மன்சூர் அலிகான் பட்டோடி 1961இல் இங்கிலாந்தில் நேர்ந்த கார் விபத்தில் வலக் கண்ணின் பார்வையை இழந்தார். ஆயினும் 1962இல், தமது 21ஆம் வயதில், இந்திய அணியின் தலைவரானார்.

இது எத்தகைய அருஞ்செயல் என்பதை அறிய ஒரு சிறு சோதனை செய்யுங்கள். கைக்கொன்றாக இரு பென்சில்களை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவற்றின் கூர்முனைகளை ஒன்றோடொன்று தொடச் செய்யுங்கள். முனைகள் விலகிப் போகும். இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளைக் காண்கின்றன. மூளை அவற்றை இணைத்துத் தொலைவை அறிகிறது. ஒரு கண்ணோ நெடும்பயிற்சியினாலேயே அதனைக் கற்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது என் சொந்தப் பிழை. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பிற்குக் கற்பித்தேன். அவ்வகுப்பில் ஒரு மாணவன் தலையைச் சாய்த்தே படிப்பான். பந்தைப் பிடிக்கத் தெரியாது. குவளையில் நீர் ஊற்றினால் வெளியே சிந்தும். பிள்ளைகள் அவனுக்குக் 'காக்கா' என்று பெயர் வைத்தனர். நான் கண்டிக்கவில்லை, ஒருமுறை நானும் சேர்ந்து சிரித்தேன். பின்னர் ஒரு நாள் தாதியர் வந்து கண் பரிசோதனை செய்தனர். வலக் கண்ணால் எல்லா எழுத்துகளையும் படித்தான். அக்கண்ணை மூடியதும் மிகப் பெரிய எழுத்தும் அவனுக்குத் தெரியவில்லை. "எல்லாருக்கும் ஒரு கண்ணில்தானே தெரியும், சார்?" என்று அவன் என்னைக் கேட்டான்.

மூளை ஒரு கண்ணையே நம்பி, மற்றதைப் புறக்கணித்துவிடும் குறை அது. சோம்பற்கண் என்பர். மருத்துவர் கூறியது என் நெஞ்சில் இன்றும் தைக்கிறது: "நான்கைந்து வயதில் கண்டிருந்தால், கண்ணாடி அணிவித்தும், நல்ல கண்ணைச் சில காலம் மூடிவைத்தும் பெரிதும் சரி செய்திருக்கலாம்." அவன் இன்று நன்றாக வாழ்கிறான், நாள்தோறும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று வருகிறான். ஆனால் அந்தக் கண் அவனுக்குத் திரும்பவில்லை. இரு கண்ணிருந்தும் அவனைக் காணாதவன் நானே.

பெற்றோர்களே! காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. உங்கள் பொன்குஞ்சின் கண்களை ஒவ்வொன்றாக மூடி, சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத குழந்தையாயின், நல்ல கண்ணை மூடும்போது சிணுங்கிக் கையைத் தட்டிவிடும். ஐயம் தோன்றினால் உடனே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். ஏழு வயது ஆகட்டும் என்று காத்திராதீர்கள்.

மாணவர்களே! உடன் பயில்வோரின் குறையைப் பெயராக்கி அழைக்காதீர்கள். எண்ணும் எழுத்தும் நமக்கு இரு கண்கள் என்று கற்கிறோம். கண்ணோட்டமே அவ்விரு கண்களுக்கும் ஒளி.

சிந்தனைக்கு:

1. காகம், கண்ணப்பர், சுக்கிராசாரியார் ஆகிய மூவரும் கண்ணை இழந்த காரணங்களை ஒப்பிட்டு எழுதுக.
2. பென்சில் சோதனையை வீட்டாருடன் செய்து, கண்டதைக் கூறுக.
3. உன் வகுப்பில் எவரேனும் பட்டப்பெயரால் வருந்துகின்றனரா? அதனை மாற்ற நீ என்ன செய்வாய்?