பழைய ஆட்டமும் புதிய பொறியும்

ஓமலூரில் சரபங்கா நதிக்கு அணித்தே உள்ள தெரு ஒன்றில், தறி வைத்துப் பிழைக்கும் குடும்பம் ஒன்று வாழ்ந்து வந்தது. அவ்வீட்டின் மூத்த மகன் சேலத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஈராண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு புதிய விளையாட்டுப் பொறி ஒன்றை வாங்கி வந்தான். கடைகளில் கன்சோல் என்று வழங்குவது அதுவே. வீட்டில் பழைய பொறி ஒன்று முன்பே இருந்தது. பத்தாம் வகுப்பில் பயிலும் தம்பி, அதில் பன்முறை ஆடித் தேர்ந்த ஓர் ஆட்டத்தையே புதிய பொறியிலும் இட்டான். தந்தை, தாய், பாட்டனார் அனைவரும் தொலைக்காட்சியின் முன் வந்து அமர்ந்தனர். ஆட்டம் தொடங்கிற்று. சற்று நேரம் எவரும் வாய் திறக்கவில்லை. பின்னர்த் தந்தை, “பழையதிலும் இப்படித்தானே தெரிந்தது?” என்றார்.

மூத்தவன் முகம் வாடிற்று. செலவான தொகை சிறிதன்று. அவன் கண்ணுக்கும் வேறுபாடு ஒன்றும் புலப்படவில்லை. “விளம்பரத்தில் சொன்னதெல்லாம் பொய்யா, அண்ணா?” என்று தம்பி மெல்லக் கேட்டான்.

விளம்பரத்தில் சொன்னது முழுப் பொய்யன்று. முழு மெய்யும் அன்று. அதனை விளங்கிக் கொள்ளப் பொறியினுள் நடப்பது யாது என்பதை அறிதல் வேண்டும்.

திரையில் ஓடுகின்ற வீரன் உண்மையில் ஓடுவதில்லை. ஒன்றுக்கொன்று சிறிதே வேறுபட்ட அசையாப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து தோன்றுதலால், கண் அவற்றை ஓட்டமாகக் கொள்கின்றது. திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் தோன்றுகின்றன. அப்படங்களோ முன்னரே எடுத்து வைக்கப்பட்டவை. விளையாட்டுப் பொறிக்கு அத்தகைய வசதி இல்லை. ஆடுபவன் இடப்புறம் திரும்புவானா, வலப்புறம் திரும்புவானா என்பது அவன் விரல் அசையும் வரையில் அதற்குத் தெரியாது. விரல் அசைந்த பின்னரே கணக்கிட்டு, அடுத்த படத்தை அது புதிதாக வரைய வேண்டும். நொடிக்கு 30 படங்கள் என்றால், ஒரு படத்திற்குக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 33 மில்லிநொடி. அதாவது ஒரு நொடியை ஆயிரங்கூறாக்கினால் அவற்றுள் 33 கூறு. நொடிக்கு 60 படங்கள் என்றால் 17 கூறும் முழுதாகக் கிடைப்பதில்லை.

ஒவ்வொரு படமும் நுண்ணிய புள்ளிகளால் ஆயது. பிக்சல் என்பது அப்புள்ளியின் பெயர். குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 என அமைந்த திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 4கே என்று கூறப்படும் திரையில் குறுக்கே 3,840, நெடுக்கே 2,160. ஆக 82,94,400 புள்ளிகள். முன்னதைப்போல் இது சரியாக நான்கு மடங்கு. இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் இன்னது, ஒளி இவ்வளவு, நிழல் இவ்விடத்தது என்று பொறி கணக்கிட வேண்டியிருக்கின்றது. அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கிற்குள்.

ஆகவே, பொறியின் ஆற்றல் மிகும்போது அதனை இருவகையில் செலவிடலாம். படத்தை மேலும் நுண்மையாக்கலாம். அல்லது படங்களின் எண்ணிக்கையை மிகுதியாக்கலாம். இதனைத் தறிக்காரருக்கு விளக்குதல் எளிது. ஒரு நாளைய உழைப்பில் இழை நெருக்கமான துணியைக் கொஞ்சமாக நெய்யலாம். இழை விலகிய துணியை நீளமாக நெய்யலாம். இரண்டையும் ஒருங்கே கேட்டால் கை ஓயும். அண்மைக்கால ஆட்டங்கள் பலவற்றில் “தரம்” என்றும் “வேகம்” என்றும் இரு வழிகளை வைத்து, ஆடுபவனையே தெரிந்தெடுக்குமாறு விடுவது இது பற்றியே.

முற்காலத்தில் இந்த வினாவே எழுந்ததில்லை. ஒரு நிறுவனம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பொறியை வெளியிடும். பழைய ஆட்டங்கள் பெரும்பாலும் பழைய பொறியோடு நின்றுவிடும். அதே ஆட்டத்தை அதே தலைமுறையைச் சேர்ந்த திருந்திய பொறியில் மேலும் அழகாக ஆடலாம் என்னும் வழக்கம் 2016 ஆம் ஆண்டில் வலுப்பெற்றது. அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 10 ஆம் நாள் ஜப்பானிய நிறுவனமாகிய சோனி, பிளேஸ்டேஷன் 4 புரோ என்னும் பொறியை வெளியிட்டது. 2013 இல் வந்த பிளேஸ்டேஷன் 4 இன் வரைகலைப் பகுதி நொடிக்கு 1.84 லட்சம் கோடிக் கணக்குகளைச் செய்ய வல்லது. புதியதன் ஆற்றல் 4.2 லட்சம் கோடி. மறு ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் என்னும் பொறியைக் கொண்டுவந்தது. அதன் ஆற்றல் 6 லட்சம் கோடி.

ஆற்றல் இருமடங்கிற்கு மேலாயிற்றே, நொடிக்கு 30 படம் காட்டிய ஆட்டங்கள் எல்லாம் 60 காட்டினவா என்றால், இல்லை. படங்கள் தெளிந்தன, வேகம் பல ஆட்டங்களில் இருந்தபடியே இருந்தது. காரணம் சுவையானது. படம் வரைவது ஒரு பகுதி. பகைவன் எங்கே நிற்கின்றான், எறிந்த கல் எங்கே விழும், ஓடும் குதிரை எதில் மோதும் என்றெல்லாம் எண்ணுவது வேறொரு பகுதி. வரையும் பகுதி இருமடங்காக வளர்ந்தபோது, எண்ணும் பகுதி மூன்றில் ஒரு பங்கே வளர்ந்தது, 1.6 கிகாஹெர்ட்ஸ் என்றிருந்த அதன் விரைவு 2.1 ஆயிற்று, அவ்வளவே. தறி எவ்வளவு விரைவாக ஓடினாலும், தார் சுற்றித் தருபவர் கை தாமதித்தால் நாடா காத்துக் கிடக்க வேண்டியதுதானே?

அக்குறை 2020 நவம்பரில் வந்த அடுத்த தலைமுறைப் பொறிகளில் நீங்கிற்று. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் ஆகிய இரண்டிலும் எண்ணும் பகுதியும் பெரிதும் விரைவுற்றது. சுழலும் தட்டுக்கு மாறாக அசையாச் சேமிப்பகம் வந்தமையால், ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும்போது திரை இருண்டு காத்திருந்த நிமிடம், சில நொடிகளாகச் சுருங்கிற்று. இவற்றுள் முன்னது இந்தியாவிற்கு 2021 பிப்ரவரி 2 ஆம் நாள் 49,990 ரூபாய் விலையில் வந்து சேர்ந்தது. 2024 நவம்பரில் வெளிவந்த அதன் திருந்திய வடிவமோ, அப்போது இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை. அதிலுள்ள கம்பியில்லாத் தொடர்புக் கருவி பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அந்நாளில் இங்கு இசைவு இல்லாமையே காரணமாகக் கூறப்பட்டது. படத்தின் அழகைப் பற்றிய பேச்சில் வானலையின் சட்டம் குறுக்கிடும் என்று யார் நினைத்திருப்பார்!

பொறியாளர் கையாளும் மற்றோர் உத்தியும் உண்டு. எல்லாப் புள்ளிகளையும் கணக்கிட ஆற்றல் போதாதபோது, சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதியை மட்டும் கணக்கிட்டு, எஞ்சியவற்றை முந்தைய படத்தின் துணைகொண்டு ஊகித்து நிரப்புவர். 2016 இன் பொறி இவ்வாறே செய்தது. 2024 இன் பொறியோ, எண்ணற்ற படங்களைக் காட்டிப் பழக்கப்பட்ட கணிப்பு முறையினால் அந்த ஊகத்தைச் செய்கின்றது. ஊகம் தவறும் இடங்களில் புல்லும் முடியும் வேலிக்கம்பியும் நடுங்குவது போலத் தோன்றும். கூர்ந்து நோக்குவார் இதனைக் கண்டுகொள்வர்.

இனி, ஓமலூர் வீட்டில் வேறுபாடு தெரியாமைக்குக் காரணம் யாது? அங்கே அமர்ந்திருந்த பாட்டனார் பொறிகளைப் பற்றி ஒன்றும் அறியாதவர். ஆயினும், காரணத்தில் பாதியை அவரே சொல்லிவிட்டார்.

அவர் இளமையில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர். அந்நாளில் கூத்து தீவட்டி வெளிச்சத்தில் நடந்தது. பின்னர்ப் பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்தது. அதன் பின் மின்விளக்கு. “விளக்கு மாறிய முதல் ஆண்டில் கூத்து நன்றாக இல்லை, தம்பி,” என்றார் அவர். “தீவட்டிக்கு ஏற்றபடி பூசிய அரிதாரம் அது. மின்வெளிச்சத்தில் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. கிரீடத்தில் ஒட்டியது காகிதம் என்பதும் தெரிந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் அரிதாரத்தை மாற்றிக்கொண்ட பிறகுதான் துரியோதனன் துரியோதனனாகத் தெரிந்தான்.”

விளக்கை மாற்றுவது ஊரார் செயல். அரிதாரத்தை மாற்றுவது ஆட்டக்காரர் செயல். ஆட்டப் பொறிகளிலும் இதுவே முறை. நொடிக்கு 30 படங்களுக்கு மேல் காட்டாதே என்று ஆட்டத்தை ஆக்கியோர் வரம்பிட்டிருந்தால், எத்துணை வல்ல பொறியாயினும் அவ்வரம்பைக் கடவாது. ஆக்கியோர் மீண்டும் அமர்ந்து, வரம்பை நீக்கி, நிழலையும் ஒளியையும் புதிய பொறிக்கு ஏற்பத் திருத்தி, அத்திருத்தத்தை இணையத்தின் வழியாக அனுப்புதல் வேண்டும். ஒருசில பழைய ஆட்டங்களுக்கு மட்டும், ஆக்கியோர் கைபடாமலே வரம்பை இருமடங்காக்கும் வழியை மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2021 இல் கண்டனர். அஃது எல்லா ஆட்டங்களுக்கும் பொருந்துவதாக இல்லை.

அவ்வாறு மீண்டும் அமர்ந்து உழைத்தவர் நம் நாட்டிலும் உளர். புனே நகரைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்னும் சிறு குழுவினர், “ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்” என்னும் ஆட்டத்தை உருவாக்கினர். காணாமற்போன தம்பியைத் தேடிச் செல்லும் ஒரு பெண்ணின் கதை அது. 2017 இல் மக்களிடம் பொருள் திரட்ட அவர்கள் செய்த முயற்சி இலக்கை எட்டவில்லை. மனந்தளராது உழைத்து 2020 ஆகஸ்டில் நின்டெண்டோ சுவிட்ச் என்னும் கையடக்கப் பொறியில் முதலில் வெளியிட்டனர். அதே ஆண்டில் பிற பொறிகளுக்கும் கொண்டு சென்றனர். அரண்மனைச் சுவர்களில் தீட்டிய ஓவியங்களும், நிழற்பாவைக் கூத்தின் பாங்கில் அமைந்த கதைக் காட்சிகளும் அதன் சிறப்பு. 2022 இல் அவ்வாட்டத்தின் திருந்திய பதிப்பு வந்தது. படத்தின் தோற்றமும் போர்முறையும் செப்பம் பெற்றன. இந்திக் குரலும் சேர்ந்தது. முன்பே விலை கொடுத்து வாங்கியவர்க்கு அத்திருத்தம் இலவசமாகக் கிடைத்தது. பெரிய நிறுவனத்திற்கு இத்தகைய மறுவேலை எளிது. கைப்பொருள் சுருங்கிய குழுவிற்கு அதுவே அடுத்த ஆட்டத்திற்கான மாதங்களை விழுங்கிவிடும். திருத்தம் வராத ஆட்டங்கள் பல இருப்பதற்குச் சோம்பல் காரணமன்று.

பொறி வலுத்தால் ஆட்டம் சிறக்கும் என்பதும் எங்கும் பொருந்தும் விதியன்று. 1978 இல் ஜப்பானில் தோமோஹிரோ நிஷிகாதோ என்பவர் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்னும் ஆட்டத்தை அமைத்தார். வரிசை வரிசையாக இறங்கி வரும் வேற்றுலகப் பகைவரைச் சுட்டு வீழ்த்துவதே ஆட்டம். பகைவர் பலராக இருந்தபோது அந்நாளைய பொறி அவர்களை வரைய முடியாமல் திணறிற்று. அதனால் மெல்ல நகர்ந்தனர். வீழ வீழ, வரைய வேண்டியவர் குறைந்தனர், எஞ்சியவர் விரைந்தனர். கடைசியில் நிற்கும் ஒருவன் பறந்தோடுவான். பொறியின் இயலாமையினால் நேர்ந்த இவ்விரைவே ஆட்டத்தின் உயிராயிற்று என்று கண்ட நிஷிகாதோ, அதனைத் திருத்தாமல் விட்டார். வலிய பொறியில் அந்த ஆட்டத்தை அவ்வாறே இட்டிருந்தால், பகைவர் தொடக்கம் முதல் ஒரே வேகத்தில் ஓடி ஆட்டத்தைக் கெடுத்திருப்பர்.

புள்ளிகளின் எண்ணிக்கையைச் சிறிதும் பொருட்படுத்தாத ஆட்டங்களும் உள. கனடா நாட்டு டொராண்டோ நகரில் விசை கேம்ஸ் என்னும் குழுவினர் 2023 சூலை 31 ஆம் நாள் வெளியிட்ட “வெண்பா” அத்தகையது. தமிழகத்திலிருந்து 1980 களில் கனடாவிற்குக் குடியேறிய குடும்பத்தின் கதை அது. தாய் தந்த சமையற் குறிப்பேடு சிதைந்து, எழுத்துகள் அழிந்துபோயிருக்கும்; விடுபட்டதை ஊகித்து இட்டலியும் பிறவும் சமைப்பதே ஆட்டம். கையால் வரைந்த சித்திரம் போன்ற அதன் படங்களுக்கு லட்சம் கோடிக் கணக்குகள் வேண்டுவதில்லை. 2024 இல் பிரிட்டனின் பாப்டா அமைப்பு, முதல் படைப்புக்கான விருதை அதற்கு அளித்தது.

ஓமலூர் வீட்டில் அன்றிரவு தம்பி உறங்கவில்லை. முதலில் தொலைக்காட்சியோடு வந்த சிற்றேட்டைத் தேடி எடுத்தான். அது குறுக்கே 1,366, நெடுக்கே 768 புள்ளிகள் கொண்ட சிறிய தொலைக்காட்சி. மொத்தம் 10,49,088. பொறி எண்பத்திரண்டு லட்சம் புள்ளிகளைத் தந்தாலும், காட்டுவதற்கு எட்டில் ஒரு பங்கு இடமே அங்கு இருந்தது. விளிம்புகள் சிறிது மழமழப்பாகத் தெரிவதைத் தவிர, அந்நுண்மையால் அவ்வீட்டில் வேறு பயன் இல்லை. ஆனால், அதே தொலைக்காட்சி நொடிக்கு 60 படங்களைக் காட்ட வல்லது என்றும் அச்சிற்றேட்டில் இருந்தது.

பின்னர் ஆட்டத்தின் விவரப் பக்கத்தை நோக்கினான். புதிய பொறிக்கான திருத்தம் ஒன்றை ஆக்கியோர் வெளியிட்டிருந்தனர். அஃது இன்னும் இறக்கப்படவில்லை. வீட்டின் இணைய வேகத்தில் அது வந்து சேர விடியற்காலை ஆயிற்று. வந்ததும் “தரம்” என்றிருந்த வழியை மாற்றி “வேகம்” என்பதைத் தெரிந்தெடுத்தான்.

காலையில் தறிக்குச் செல்லப் புறப்பட்ட தந்தையைத் தம்பி கையைப் பற்றி அழைத்து வந்து அமர்த்தினான். மூத்தவன் வாயிற்படியிலேயே நின்றான். அவனுக்கு நம்பிக்கை இல்லை. திரையில் குதிரை ஓடிற்று. தந்தை முதலில் ஒன்றும் சொல்லவில்லை. குதிரை திரும்பியபோது சற்று முன்னே குனிந்தார்.

“நேற்று இழை அறுந்து அறுந்து ஓடியது,” என்றார். “இன்று அறாமல் ஓடுகிறது.”

மூத்தவன் உள்ளே வந்து அமர்ந்தான். “அப்பா, தீபாவளிக்குள் பெரிய தொலைக்காட்சி ஒன்று…” என்று அவன் தொடங்குவதற்குள், தந்தை எழுந்து துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு தறிக்குச் சென்றுவிட்டார்.