ஊசியும் கரண்டியும் கற்றுத்தரும் கணக்கு

செவ்வகத்தின் பரப்பளவை எட்டாம் வகுப்பு மாணவர் எளிதாகக் கண்டுபிடித்துவிடுவார். அதே செவ்வகத்தைத் துணியாகக் கொடுத்து, "இதில் எத்தனை பை தைக்கலாம்?" என்று கேட்டால் சற்றுத் தயங்குவார். தாளில் தவறாக எழுதினால் அழித்துவிடலாம். துணியில் தவறாக வெட்டினால் துணி வீணாகிவிடும். அதனால், அளந்து யோசித்த பிறகே வெட்டும் பழக்கத்தைத் துணி இயல்பாகவே கற்றுத்தருகிறது. சமையலும் அப்படித்தான், அளவு பிசகினால் நாக்கே சொல்லிவிடும்.

தையல் ஆசிரியர் இல்லாத பள்ளியிலும் நடத்தக்கூடிய மூன்று செயல்பாடுகள் இங்கே தரப்பட்டுள்ளன. எதற்கும் தையல் இயந்திரம் தேவையில்லை.

கற்றல் நோக்கங்கள்
• நீளம், பரப்பளவு, எடை, விகிதம் ஆகியவற்றைப் பொருள்களைக் கொண்டு உணர்தல்.
• பழைய துணியைப் பயனுள்ள பொருளாக மாற்றுதல்.
• வீட்டு வேலை எல்லாருக்கும் பொது என்பதைச் செய்து அறிதல்.

செயல்பாடு 1: பொத்தான் தைத்தல் (3 முதல் 5 வகுப்புகள்)

பொத்தான் அறுந்த சட்டையில் ஊக்கு மாட்டி வரும் பிள்ளைகளை நாம் தினமும் பார்க்கிறோம். சிலர் கூச்சத்தால் அன்று பள்ளிக்கே வருவதில்லை. தைக்கத் தெரிந்தால் இது பத்து நிமிட வேலை.

ஒன்று, இரண்டாம் வகுப்பினர் அட்டையில் துளையிட்டு நூல் கோத்துப் பழகட்டும். மூன்றாம் வகுப்பு முதல் பெரிய ஊசியும் கட்டம் போட்ட துணியும் கொடுக்கலாம். கட்டத்தின் கோடு நேராகத் தைக்க வழிகாட்டும். முதலில் ஓட்டுத் தையல், பிறகு பொத்தான். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்துவிட்டு, அதை உருவிவிட்டு, அந்த இடைவெளியில் நூலை மூன்று முறை சுற்றி முடிச்சிட வேண்டும். இப்படித் தைத்தால் பொத்தானைத் துளையில் மாட்டுவது எளிது, சீக்கிரம் அறுந்துபோகாது.

செயல்பாடு 2: துணிப்பை (6 முதல் 8 வகுப்புகள்)

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழிப் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. பழைய படுக்கை விரிப்பில் கிழியாத பகுதி கிடைத்தால், மாற்றுப் பையை மாணவர்களே தைத்துக்கொள்ளலாம்.

பையின் அளவு: அகலம் 30 செ.மீ., உயரம் 35 செ.மீ. பக்கத் தையலுக்கு இருபுறமும் 1.5 செ.மீ. விட வேண்டும், ஆகவே துணியின் அகலம் 33 செ.மீ. அடிப்பக்கம் மடிப்பாக வருவதால் உயரம் இரு மடங்கு, அதாவது 70 செ.மீ. வாய்ப்புறம் மடித்துத் தைக்க இருபுறமும் 4 செ.மீ. சேர்த்தால் 78 செ.மீ. கைப்பிடிக்கு 10 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டைகள். ஒவ்வொரு பட்டையையும் நான்காக மடித்துத் தைத்தால் 2.5 செ.மீ. அகலக் கைப்பிடி கிடைக்கும்.

இப்போது கணக்கு. விரிப்பின் நல்ல பகுதி 110 செ.மீ. × 200 செ.மீ. என்று கொள்வோம். கைப்பிடியை விட்டுவிட்டு, 33 × 78 துண்டுகள் எத்தனை கிடைக்கும்? 22,000-ஐ 2,574-ஆல் வகுத்தால் எட்டரை வருகிறது. எனவே 8 என்பார்கள். செய்தித்தாளில் வெட்டிய மாதிரிகளை விரிப்பின் மேல் அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எப்படி அடுக்கினாலும் 7-க்கு மேல் வராது. கைப்பிடிகளையும் அதே துணியில் எடுப்பதானால் 6 பைகளும் 12 பட்டைகளும்தான் வரும். பரப்பளவு போதுமானதாக இருந்தாலும் வடிவம் பொருந்த வேண்டும் என்பதை மாணவர்கள் தாங்களே கண்டறிவார்கள். மாதிரிகளை மாற்றி மாற்றி அடுக்க ஒரு முழுப் பாடவேளை கொடுங்கள். விடையை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டாம்.

தைக்கும் வரிசை: முதலில் வாய்ப்புறத்தை 1 செ.மீ., பிறகு 3 செ.மீ. மடித்துத் தைக்கவும். அடுத்து, துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு இரண்டாக மடித்து, இரு பக்கங்களையும் பின் தையலால் இணைக்கவும். ஓட்டுத் தையல் பாரம் தாங்காது. பையைத் திருப்பி, பக்க ஓரத்திலிருந்து 8 செ.மீ. தள்ளிக் கைப்பிடியை வைத்துச் சதுரமாகத் தைக்கவும். சதுரத்தின் குறுக்கே பெருக்கல் குறி போலவும் தைத்தால் நன்கு உறுதியாக இருக்கும்.

செயல்பாடு 3: முளைகட்டிய பயறு (எல்லா வகுப்புகளும்)

மிஞ்சிய துணித் துண்டை வெந்நீரில் அலசி எடுத்துக்கொள்ளுங்கள். 250 கிராம் பச்சைப் பயறை எடை போட்டு, எட்டு மணி நேரம் ஊறவைத்து, மீண்டும் எடை போடுங்கள். ஏறக்குறைய இரு மடங்காகியிருக்கும். கூடியது எதன் எடை என்று கேளுங்கள். பிறகு நீரை வடித்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளை வந்திருக்கும்.

பச்சையாகக் கொடுப்பதைவிட ஆவியில் வேகவைத்துக் கொடுப்பதே குழந்தைகளுக்குப் பாதுகாப்பு. அடுப்பு வேலையைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். கேரட் துருவுவது, தேங்காய்த் துருவல், உப்பு சேர்த்துக் கலப்பது, எலுமிச்சை பிழிவது ஆகியவை மாணவர் வேலை. பயற்றிலுள்ள இரும்புச் சத்தை உடல் நன்றாக ஏற்க எலுமிச்சையின் வைட்டமின் சி உதவும். பொருள்களின் விலையை மாணவர்கள் கடையில் கேட்டு எழுதி, ஒரு கிண்ணத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிடட்டும். அதே காசுக்கு வாங்கும் பாக்கெட் தின்பண்டத்தின் எடையோடு ஒப்பிடட்டும்.

ஆசிரியர் கவனத்திற்கு
• ஊசிகளை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்கள். தொலைந்த ஊசியைத் தேட ஒரு காந்தம் கையில் இருக்கட்டும்.
• புதுத் துணி வாங்கி வரச் சொல்ல வேண்டாம். துணி கொண்டுவர இயலாதவர் வருத்தப்படாதபடி, எல்லாத் துணியையும் பொதுவில் சேர்த்துப் பிரித்துக் கொடுங்கள்.
• குழுக்களில் ஆண், பெண் இருபாலரும் இருக்கட்டும். தைப்பது பெண்கள், அளப்பது ஆண்கள் என்று பிரிந்துவிடாமல் வேலையைச் சுழற்சி முறையில் கொடுங்கள்.

"பையனுக்கு எதற்கு இதெல்லாம்?" என்று சில பெற்றோர் கேட்கலாம். நம் ஊர்த் தையல் கடைகளிலும் கல்யாணச் சமையலிலும் ஆண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். கூலிக்குச் செய்யும்போது ஆணுக்குரிய வேலை, வீட்டில் மட்டும் பெண்ணுக்குரிய வேலையாவது எப்படி? இந்தக் கேள்வியை வகுப்பிலும் விவாதிக்கலாம்.

மதிப்பீடு

தையல் அழகாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். பையில் இரண்டு கிலோ அரிசி போட்டுத் தூக்கச் சொல்லுங்கள். தையல் பிரிந்தால் எங்கே, ஏன் என்று மாணவரே சொல்லட்டும். பிறகு அவரே மறுபடி தைக்கட்டும். பயறுக்கு, அடுத்த வாரம் வீட்டில் செய்து பார்த்தாரா, எந்த அளவை எப்படி மாற்றினார் என்று இரண்டு வரி எழுதச் சொன்னால் போதும்.