உகாதியா, சித்திரையா?

கேள்வி: அப்பா தமிழ், அம்மா தெலுங்கு. உகாதி, சித்திரை முதல் நாள் இரண்டில் எதைக் கொண்டாடுவது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?
– ஒரு வாசகி, சித்தூர்

பதில்: இரண்டையும் கொண்டாடுங்கள், அம்மா. உகாதி நிலவைப் பார்த்து வருகிறது. சித்திரை முதல் நாள் சூரியன் மேஷத்தில் நுழைவதைப் பார்த்து வருகிறது. கணக்கு வேறு, அவ்வளவுதான். சண்டைக்கு இடமே இல்லை.

பிள்ளைகளுக்குத் திருமலையைக் காட்டுங்கள். அங்கே பெருமாளின் தர்பாரான உகாதி ஆஸ்தானம் உண்டு. தமிழ் ஆனி மாதம் முடிகிற சமயத்தில், ஜூலை நடுவில், ஆனிவார ஆஸ்தானமும் உண்டு. மடத் தலைவர்களான மகந்துகள் நிர்வகித்த காலத்தில் கோயிலின் ஆண்டுக் கணக்கு அன்றுதான் தொடங்கியது. தேவஸ்தானம் வந்தபின் வரவுசெலவு மார்ச்–ஏப்ரலுக்கு மாறியது. ஆஸ்தானம் மட்டும் நிற்கவில்லை. அதற்குத் திருவரங்கத்திலிருந்து பட்டு வஸ்திரங்கள் இன்றும் வருகின்றன. மார்கழி முழுவதும் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதில் ஆண்டாளின் திருப்பாவை. தெலுங்கு மண்ணில், தமிழ்ப் பாட்டில் பெருமாள் கண் விழிக்கிறார். இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

மே மாதம் திருப்பதியில் நடக்கும் கங்கம்மா ஜாத்திரையையும் விட்டுவிடாதீர்கள். கங்கம்மாவை ஏழுமலையானின் தங்கை என்பார்கள். திருமலையிலிருந்து அவளுக்குச் சீர் போகும். ஆண்கள் பெண் வேடமிட்டு நேர்த்திக்கடன் செலுத்துவதைப் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 29, தெலுங்கு அறிஞர் கிடுகு ராமமூர்த்தி பிறந்த நாள், தெலுங்கு மொழி நாள். அன்று அம்மா வழிப் பாட்டியிடம் ஒரு தெலுங்குக் கதை கேட்கச் சொல்லுங்கள். பொங்கலன்று அப்பா வழிப் பாட்டியிடம் ஒரு தமிழ்க் கதை. இந்த ஆண்டே தொடங்கிவிடுங்கள்.