வேண்டாத அழைப்பும் வேண்டாத செய்தியும்: அங்கத்தினர் அறிய வேண்டிய சட்டப் பாதுகாப்பு

கூட்டுறவுச் சங்கம் நம்பிக்கையின்மேல் எழுந்த நிலையம். அங்கத்தினர் சங்கத்தின் சொல்லை நம்புகிறார். சங்கம் அங்கத்தினரின் வாக்கை நம்புகிறது. அந்தச் சொல் இன்று பெரும்பாலும் கைப்பேசி வழியாகவே போய்ச் சேருகிறது. ஆகவே, கைப்பேசியில் வந்து குவியும் வேண்டாத விளம்பரங்களைப் பற்றி நாம் கவலைப்படுவதற்குக் காரணம் உண்டு.

பொன்னேரிப் பக்கத்தில் ஒரு சங்கத்தைப் பார்வையிடச் சென்றபோது, சம்பா நெல் பயிரிடும் முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். பயிர்க் காப்பீட்டுக் கட்டணம் செலுத்த இறுதி நாள் எது என்பதைச் சங்கக் காரியதரிசி தம் சொந்தக் கைப்பேசியிலிருந்து எல்லா அங்கத்தினர்க்கும் குறுஞ்செய்தியாக அனுப்பியிருந்தார். இந்த முதியவர் அதைப் படிக்கவில்லை. “நாள்தோறும் பத்துச் செய்தி வருகிறது, ஐயா. எல்லாம் கடன் தருகிறோம், மனை தருகிறோம் என்பவை. இதையும் அவற்றோடு சேர்த்து அழித்துவிட்டேன்” என்றார். கார்த்திகை மழையில் அவர் வயல் மூழ்கியது. காப்பீடு இல்லாமையால் இழப்பீடும் இல்லை. வேண்டாத செய்தி வெறும் தொல்லை என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியைச் சிந்திக்க வேண்டுகிறேன். பதர் மிகுந்தால் நெல்மணி கண்ணுக்குத் தெரியாமற் போகும்.

மாநிலச் சட்டமா, மத்தியச் சட்டமா?

அமெரிக்க நாட்டில் இத்தொல்லையைத் தடுக்க முதலில் முனைந்தவை மாநிலங்களே. வாஷிங்டன் மாநிலம் 1998-இல் பொய்யான தலைப்பிட்ட விளம்பர மின்னஞ்சல்களைத் தடை செய்தது. பின்னர் 2003-இல் நாடு முழுமைக்குமான சட்டம் ஒன்று பிறந்தது. நம் நாட்டின் அமைப்பு வேறு. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் கூட்டுறவுச் சங்கங்கள் மாநிலப் பட்டியலின் 32-ஆவது இனத்தில் உள்ளன. அஞ்சல், தந்தி, தொலைபேசி ஆகியவையோ மத்தியப் பட்டியலின் 31-ஆவது இனத்தில் அடங்கும். ஆதலின் நம் சங்கத்தை ஆளும் சட்டம் சென்னையில் இயற்றப்பட்டது. நம் கைப்பேசியைக் காக்கும் சட்டம் புதுதில்லியில் இயற்றப்பட்டது.

சட்டம் வளர்ந்த வரலாறு

1997-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்), 2007-இல் ‘அழைக்க வேண்டாம்’ என்போரின் பதிவேட்டுக்கு வழிவகுத்தது. 2010-இல் விதிகள் விரிவாக்கப்பட்டன. இன்று நடைமுறையில் இருப்பவை 2018 ஜூலை 19-இல் வெளியிடப்பட்டு, 2025 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விதிகளாகும். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவும் விளம்பரச் செய்திக்குப் பயனாளியின் முன்சம்மதத்தைப் பற்றிப் பேசுகிறது. அப்பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்தது.

2018-ஆம் ஆண்டின் விதிகள் பகிர்வுப் பேரேடு ஒன்றை ஏற்படுத்தின. இது நமக்குப் புதிதன்று. சங்கத்தின் பேரேடும் அங்கத்தினரின் பாஸ் புத்தகமும் ஒத்திருந்தால்தான் கணக்குச் செல்லும். அதுபோல, வணிகச் செய்தி அனுப்புவோரின் பெயர், செய்தியின் வாசக மாதிரி, பெறுவோரின் சம்மதம் ஆகியவை எல்லாத் தொலைபேசி நிறுவனங்களும் பார்க்கும் ஒரே பேரேட்டில் பதியப்படுகின்றன. ஒருவர் தனியே திருத்த முடியாது.

செய்தியின் தலைப்பைப் படிக்கும் முறை

பதிவு பெற்ற நிறுவனத்தின் குறுஞ்செய்தி, பத்து இலக்க எண்ணிலிருந்து வராது. பதிவு பெற்ற தலைப்பிலிருந்து வரும். தலைப்பின் இறுதியில் ஒரு சிறு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் காணப்படும். ‘பி’ என்றால் விளம்பரம். ‘எஸ்’ என்றால் சேவை. ‘டி’ என்றால் பணப் பரிமாற்றம் முதலியன. ‘ஜி’ என்றால் அரசாங்கச் செய்தி. அழைப்புகளில் 140 என்று தொடங்குவது விளம்பரம். 1600 என்று தொடங்குவது சேவையும் பரிமாற்றமும் பற்றியது. ஆகவே, ‘உங்கள் வங்கியிலிருந்து பேசுகிறோம், உடனே கடன் தருகிறோம்’ என்று சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து ஒருவர் பேசினால், ஐயுறுவதே அறிவுடைமை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நம் அங்கத்தினரின் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைப்பது நன்று. மாதக் கடைசியில் கை வறண்டிருக்கும்போது வரும் கடன் அழைப்பு இனிப்பாகத்தான் இருக்கும்.

அங்கத்தினர் செய்ய வேண்டுவன

முதலாவது, 1909 என்னும் எண்ணை அழைத்து விருப்பத்தைப் பதிவு செய்க. எல்லா விளம்பரங்களையும் தடுக்கலாம். அல்லது வங்கி, மனை, கல்வி, மருத்துவம் போன்ற வகைகளுள் வேண்டாதவற்றை மட்டும் தடுக்கலாம்.

இரண்டாவது, தொல்லை வந்தால் ஏழு நாட்களுக்குள் அதே 1909-க்கு முறையிடுக. முன்பு மூன்று நாட்களே அவகாசம் இருந்தது. அனுப்பியவரின் எண், நாள், செய்தியின் சுருக்கம் ஆகியவை போதும். பதிவு பெறாதவர்மீது முறையிட, முன்கூட்டி விருப்பத்தைப் பதிந்திருக்க வேண்டிய தேவை 2025-இன் திருத்தத்திற்குப் பின் இல்லை. பத்து நாட்களுக்குள் ஐந்து பேர் முறையிட்டாலே அந்த எண்ணின்மீது நடவடிக்கை தொடங்கும். ஐந்து அங்கத்தினர் ஒன்று சேர்ந்தால் ஒரு தொல்லை அடங்கும். கூட்டுறவின் பயனுக்கு இதைவிட எளிய உதாரணம் வேண்டியதில்லை.

மூன்றாவது, ஏமாற்று என்று ஐயம் தோன்றினால் மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உள்ள ‘சக்ஷு’ பகுதியில் தெரிவிக்கலாம். பணமே போய்விட்டதாயின் நேரத்தைக் கடத்தாமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

இங்கே நம் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளிப்பட்டு வட்டாரத்து நெசவாளர் சங்கம் ஒன்றில், தீபாவளித் தள்ளுபடி விற்பனையை அறிவிக்கக் காரியதரிசி தம் கைப்பேசியிலிருந்து பழைய வாடிக்கையாளர் அனைவர்க்கும் செய்தி அனுப்பத் தயாராக இருந்தார். எண்ணம் நல்லதே, வழி சட்டத்திற்கு மாறானது. பதிவின்றி விளம்பரம் அனுப்புவோர்மீது குற்றம் உறுதியானால், முதல் முறை 15 நாட்களுக்கு வெளிச்செல்லும் சேவை நிறுத்தப்படும். மீண்டும் செய்தால் அவர் பெயரிலுள்ள எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். பண்டிகைக் காலத்தில் காரியதரிசியின் தொலைபேசி ஊமையானால் சங்கத்தின் நிலை என்னவாகும்? சங்கத்தின் பெயரில் தொலைபேசி நிறுவனத்திடம் பதிவு செய்து, தலைப்பும் வாசகமும் அனுமதி பெற்று அனுப்புவதே முறை. அப்படிச் செய்திருந்தால், பொன்னேரி முதியவரும் சங்கத்தின் பெயரைத் தலைப்பிலேயே கண்டு படித்திருக்கக் கூடும்.

மற்றொன்று, அங்கத்தினர் பதிவேடு. கைப்பேசி எண்ணும் கடன் விவரமும் அடங்கிய அப்பதிவேட்டை எந்த முகவரிடமும், எவ்வளவு நெருங்கியவராயினும், கொடுத்தலாகாது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் விவரத்தை அவர் சம்மதித்த நோக்கத்திற்கே பயன்படுத்த வேண்டும் என்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. அவை கட்டங்கட்டமாக நடைமுறைப்படுத்தப்படும் வகையில் அமைந்துள்ளன. சட்டம் சொல்லுமுன்பே நாம் செய்ய வேண்டிய கடமை இது. பாகப்பணத்தைப் பெட்டியில் பூட்டுகிறோம். பதிவேட்டை மேசைமேல் திறந்து வைக்கலாமா?

சட்டம் எட்டாத இடம்

மேற்கூறிய டிராய் விதிகள் தொலைபேசி அழைப்பையும் குறுஞ்செய்தியையும் மட்டுமே தழுவுவன. மின்னஞ்சல், வாட்ஸ்அப் விளம்பரங்கள் அவற்றுள் அடங்கா. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவில் தொல்லை தரும் மின்னஞ்சலைப் பற்றிய வாசகம் இருந்தது. கருத்துரிமைக்கு மாறானது என்று 2015 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவு முழுவதையும் செல்லாததாக்கியது. எனவே அவ்விடங்களில், அனுப்பியவரைத் தடுத்து வைப்பதும், அந்நிறுவனத்திற்கே புகார் செய்வதும், அறியாத இணைப்பைத் தொடாதிருப்பதுமே நம் காவல்.

சட்டம் வேலி போன்றது. வேலி இருந்தும், ஆடு நுழைந்ததைக் கண்டவர் குரல் கொடுக்காவிட்டால் பயிர் மிஞ்சாது. அடுத்த பேரவைக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, எழுதப் படிக்க இயலாத அங்கத்தினர்க்கு அருகிலிருப்போர் 1909-இல் பதிவு செய்து கொடுத்தால், அது அவ்வாண்டின் நல்ல தீர்மானங்களுள் ஒன்றாகும்.

கூட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. நம் சங்கத்தின் செய்திகள் யாருடைய எண்ணிலிருந்து செல்கின்றன?
2. நம் அங்கத்தினர் பதிவேட்டைப் பார்க்க உரிமை உடையவர் யார்? உண்மையில் பார்ப்பவர் யார்?
3. ‘பி’ என்று முடியும் தலைப்புக்கும் ‘எஸ்’ என்று முடியும் தலைப்புக்கும் வேறுபாடு யாது?
4. சென்ற வாரம் வந்த தொல்லை அழைப்புகளுள் எத்தனைக்கு நாம் முறையிட்டோம்?