லாக்குக் கால்வாயில் படகுப் பிரயாணம்: காலக் கணக்கும் நீர்க் கணக்கும்

ஒரு பிரயாணத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அறிய முதலில் தூரத்தைப் பார்ப்பது வழக்கம். சாலைக்கும் ரயிலுக்கும் இது பொருந்தும்; கால்வாய்க்குப் பொருந்தாது. இங்கிலாந்தில் வூஸ்டர் நகரிலிருந்து பர்மிங்ஹாம் செல்லும் கால்வாயின் நீளம் 30 மைல். படகின் வேகம் மனிதன் நடக்கும் வேகமே, அதாவது மணிக்கு 3 மைல். பத்து மணி நேரத்தில் போய்ச் சேரலாம் என்றே தோன்றும். ஆயினும் விடுமுறைக்கு வாடகைப் படகு எடுத்துப் புதிதாகப் புறப்படுவோர் இதற்கு நான்கு நாட்கள் ஒதுக்குவதே விவேகம். வழியிலுள்ள 58 லாக்குகளே அதற்குக் காரணம்.

1815-இல் முழுமை பெற்ற இக்கால்வாய், செவர்ன் ஆற்றிலிருந்து பர்மிங்ஹாம் மேட்டுநிலம் வரை 428 அடி ஏறுகிறது. சரிவில் நீர் தேங்கி நில்லாது. ஆகவே கால்வாயைப் படிக்கட்டுப்போல் பல சமமட்டங்களாக வெட்டி, படிக்குப் படி படகை ஏற்றவும் இறக்கவும் லாக்கு என்னும் நீர்ப்பூட்டை அமைத்தனர். இரு முனைகளிலும் கதவுள்ள கல்லறை போன்றது லாக்கு. ஏறவேண்டிய படகு, நீர் தாழ்ந்திருக்கும் அறைக்குள் கீழ்க்கதவு வழியே நுழைகிறது. கதவை மூடி, மேற்புறத்துச் சிறு மதகைத் திறந்தால் அறையில் நீர் உயர்கிறது. படகும் உடன் உயர்கிறது. இரு புறமும் மட்டம் ஒன்றானபின் மேற்கதவைத் தள்ளித் திறக்கலாம். ஓர் அங்குல வேற்றுமை இருந்தாலும் நீரின் அழுத்தம் கதவை விடாது. பம்பும் இல்லை, எந்திரமும் இல்லை. புவியீர்ப்பே வேலை செய்கிறது. கங்கையில் ஃபராக்காவிலும், பக்கிங்காம் கால்வாயின் பழைய லாக்குகளிலும் தத்துவம் இதுவே.

ஆசிரியர்கள் இங்கு வகுப்பில் ஒரு கேள்வி எழுப்பலாம். பாரம் மிகுந்த படகு உள்ளே நின்றால் அறையை நிரப்ப அதிக நீர் வேண்டுமா? வேண்டாம். மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான நீரை முன்னரே விலக்கிவிட்டது. அதன்பின் மட்டத்தை உயர்த்த வேண்டிய நீர், அறையின் பரப்பையும் உயர்த்தும் அளவையும் மட்டுமே பொறுத்தது. மாணவர் பலர் இதனை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு தொட்டியும் மரக்கட்டையும் கொண்டு செய்து காட்டுதல் நலம்.

இனி நேரக் கணக்கு. பழகியவர்க்கு ஒரு லாக்கைக் கடக்க 10 நிமிடமும், புதியவர்க்கு 15 நிமிடமும் வைத்துக்கொள்ளலாம். புதியவர்க்கு 58 லாக்குகளுக்கு மட்டும் பதினாலரை மணி நேரம் ஆகிறது. ஓட்டத்துக்குரிய 10 மணியைச் சேர்த்தால் இருபத்து நாலரை மணி. நாளொன்றுக்கு ஆறு, ஏழு மணிக்கு மேல் இவ்வேலை செய்தால் விடுமுறை விடுமுறையாக இராது.

ஆனால் மொத்தத்தை நான்கால் வகுத்துவிட்டால் திட்டம் ஆகிவிடாது. லாக்குகள் சீராகப் பரவியிருக்கவில்லை. வூஸ்டரிலிருந்து முதலில் 16 லாக்குகள். அது முதல் நாள் வேலை. பிறகு லாக்கே இல்லாத நீண்ட சமமட்டம்; அதனை அடுத்து ஆஸ்ட்வுட்டில் 6, ஸ்டோக்கில் 6. இரண்டாம் நாள் இவ்வளவில் நின்றுவிட வேண்டும். ஏனெனில் அடுத்து வருவது டார்டெபிக் ஏற்றம்: இரண்டேகால் மைலில் 30 லாக்குகள், 220 அடி உயரம். பிரிட்டனில் இதைவிட நீண்ட லாக்கு வரிசை இல்லை. புதியவர்க்கு இது எட்டு மணிக்கு மேற்பட்ட உழைப்பு. லாக்குகளின் இடையே உள்ள நீர்நிலைகள் குறுகியவை. இரவில் தங்கத் தக்கவையல்ல. பிற்பகலில் இங்கு ஏறத் தொடங்குவோர் இருட்டில் லாக்குக் கதவின்மேல் நடக்க நேரும். காலையில் தொடங்கினால் மாலையில் உச்சியை அடையலாம். அங்கேதான் எல்.டி.சி. ரோல்ட் என்னும் பொறியியலாளர் 1941 முதல் 1946 வரை தம் ‘கிரெஸ்ஸி’ படகில் வாழ்ந்தார். 1945-இல் ராபர்ட் ஐக்மன் அவரை அங்கு வந்து சந்தித்ததன் பயனாக, மறுஆண்டில் உள்நாட்டு நீர்வழிகளைக் காக்கும் சங்கம் ஒன்று தோன்றியது. பல கால்வாய்கள் தூர்ந்துபோகாமல் உல்லாசப் படகுகளுக்குப் பயன்படுவதில் அச்சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு.

நேரத்தைப் போலவே நீரையும் கணக்கிட வேண்டும். இக்கால்வாயின் சாதாரண லாக்கு ஏறக்குறைய 72 அடி நீளமும் 7 அடி அகலமும் உடையது. 7 அடி ஏற்றத்துக்கு 72 × 7 × 7, அதாவது 3,528 கன அடி; ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர். ஒரு படகு ஒரு முறை கடக்க மேலிருந்து கீழே இறங்கும் நீர் இவ்வளவு. இதனை மேலே ஈடுசெய்ய வேண்டும். டார்டெபிக்கில் நீர்த்தேக்கம் உச்சிமட்டத்துக்குக் கீழே அமைந்தமையால், நீரை மேலேற்ற நீராவி எந்திரம் வைக்க நேர்ந்தது.

படகோட்டியின் பொறுப்பு இங்குத் தொடங்குகிறது. ஏறிச் சென்ற படகு லாக்கை நிரப்பிவிட்டுப் போகிறது. அதனைத் தொடர்ந்து ஏறும் படகு அந்நீரை வெளியேற்றியபின்னரே உள்ளே வரமுடியும். எதிரே இறங்கும் படகு வருமானால், நிரம்பிய லாக்கை அது பயன்படுத்தி, காலியாக்கிக் கொடுத்துவிடும். ஒரே நிரப்பு நீரில் இரு படகுகள் கடக்கின்றன. ஆகவே முன்னே நடந்து சென்று லாக்கை ஆயத்தம் செய்பவர், எதிரே படகு வருகிறதா என்று பாராமல் மதகைத் திறத்தல் ஆகாது. கோடையில் நீர் குறைந்தால் லாக்குகள் மூடப்படும். 2025-இல் லீட்ஸ்–லிவர்ப்பூல் கால்வாயில் இவ்வாறு நேர்ந்தது. குளிர்காலத்தில் பழுதுபார்க்கும் வேலை நடைபெறும். புறப்படுமுன் நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்தல் இன்றியமையாதது.

திரும்பி இறங்கும்போதுதான் உயிருக்கு ஆபத்து மிகுதி. மேற்கதவின் அடியில் ஒரு கல்திட்டு அறைக்குள் நீண்டிருக்கும். அறை நிரம்பியிருக்கையில் அது கண்ணுக்குத் தெரியாது. படகின் பின்முனை அதன்மேல் இருக்க நீர் இறங்கினால், பின்புறம் திட்டில் தங்கிவிட, முன்புறம் தாழ்ந்து, சில நிமிடங்களில் படகு மூழ்கும். திட்டின் எல்லையைக் காட்டச் சுவரில் வெள்ளைக் கோடு தீட்டியிருப்பர். படகு அக்கோட்டுக்கு முன்னே நிற்க வேண்டும். கயிற்றை இறுக முடிந்துவிடாமல், கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்து, நீர் தாழத் தாழ விட்டுக்கொடுக்க வேண்டும். படகு சிக்கிக்கொண்டால் கீழ் மதகுகளை உடனே மூடுக. பிறகே மேல் மதகை மெல்லத் திறந்து நீரை ஏற்றுக. மதகருகே நிற்பவர் சுக்கான் பிடிப்பவரைப் பார்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும். நால்வர் செல்லும் படகில் ஒருவர் சுக்கானிலும் இருவர் கரையிலும் இருக்க, நான்காமவர் சிறுவரைக் கவனிப்பது நல்ல ஏற்பாடு.

நான்காம் நாள் எளிது. டார்டெபிக் உச்சியிலிருந்து பர்மிங்ஹாம் வரை ஏறக்குறைய 14 மைலுக்கு லாக்கே இல்லை. சுரங்கங்கள் உண்டு, அவற்றுள் வாஸ்ட் ஹில் சுரங்கம் 2,726 கெஜம். உள்ளே அரை மணி நேரம் செல்ல வேண்டியிருப்பதால் முன்விளக்கைப் புறப்படுமுன்னரே சோதித்துக்கொள்க. எதிர்ப்படும் படகுக்கு வலப்புறம் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

பயணம் முடியும் இடத்தில் கால்வாயின் குறுக்கே ஒரு சுவர் தெரியும். அதன் பெயர் வூஸ்டர் பார். தம் நீர் புதிய கால்வாய்க்குள் வழிந்துவிடுமோ என்று அஞ்சிய பழைய பர்மிங்ஹாம் கால்வாய்க் கம்பெனியார், இரண்டும் இணையலாகாது என்று சட்டத்தில் விதி சேர்த்தனர். இடையே 7 அடி அகலத் தடுப்பு நின்றது. 1795 முதல் 1815 வரை சரக்குகளை ஒரு படகிலிருந்து இறக்கி, தடுப்பைத் தாண்டி மறு படகில் ஏற்றினர். பின்னர் அங்கும் ஒரு லாக்கு வைக்கப்பட்டது. இன்று இரு புறமும் நீர்மட்டம் ஒன்றே. படகு நிற்காமல் கடந்து செல்கிறது.