மூன்று பெட்டிகள், மூன்று வேலைகள்: வீட்டு இணையத்தை முறையாக இணைப்போம்

2010-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டெலிகாம் மலேசியா நிறுவனம் 'யூனிஃபை' என்னும் கண்ணாடி இழை இணையச் சேவையைத் தொடங்கியது. முதன்முதலில் அதனைப் பெற்ற இடங்கள் நான்கு: தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், பங்சார், சுபாங் ஜெயா, ஷா ஆலம். இவற்றுள் சுபாங் ஜெயா எழுந்தது சீஃபீல்டு தோட்டத்து மண்ணில். ஷா ஆலம் எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்டத்து மண்ணில். நம் முன்னோர் விடியற்காலையில் விளக்கேந்திப் பால்வெட்டச் சென்ற நிலத்தின் அடியில், இன்று தலைமயிரளவே தடிமனுள்ள கண்ணாடி இழைகள் ஓடுகின்றன.

இந்த வசதி நமக்கு அந்நியமானதன்று. நம் பிள்ளைகள் பலர் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் போன்ற இடங்களில் குடியேறி வேலை பார்க்கின்றனர். தோட்டத்திலேயே வாழும் பிள்ளைகளுக்கும் பள்ளிப் பாடம் இணையத்தின் வழியாக வருவது உண்டு. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, இணையம் உள்ள வீட்டுப் பிள்ளை பாடம் கேட்டது. இல்லாத வீட்டுப் பிள்ளை பின்தங்கியது. அதே ஆண்டில் சபா மாநிலத்தில் ஒரு மாணவி, அலை கிடைப்பதற்காக மரத்தின் மேல் அமர்ந்து பல்கலைக்கழகத் தேர்வை எழுதியதை நாடே கண்டது.

இணைப்புக் கிடைத்த வீடுகளிலும் ஒரு குறை உண்டு. மாதந்தோறும் கட்டணம் தவறாமல் செலுத்துகிறோம்; ஆனால் படுக்கையறையில் பாடம் நின்று நின்று வருகிறது. "கம்பெனிக்காரன் சரியில்லை" என்று சலித்துக்கொள்கிறோம். பல வேளைகளில் குறை வெளியில் இல்லை. வீட்டுக்குள் பெட்டிகளை இணைத்த முறையிலேயே இருக்கிறது. எந்தப் பெட்டி எந்த வேலையைச் செய்கிறது என்று அறிந்துகொண்டால், அக்குறையை நாமே கண்டுபிடிக்கலாம்.

தோட்ட அலுவலகமும் தபாலும்

நமக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். முன்னாளில் லயத்து வீடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தபால்காரர் வருவதில்லை. கடிதங்கள் அனைத்தும் தோட்டத்தின் பெயருக்கு வந்து அலுவலகத்தில் சேரும். அங்குள்ள கிராணி பெயரைப் பார்த்து, இது ஐந்தாம் லயத்துக்கு, இது எட்டாம் லயத்துக்கு என்று பிரித்துக் கொடுப்பார். வெளியுலகுக்குத் தெரிந்தது தோட்டத்தின் முகவரி ஒன்றே. உள்ளே யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது கிராணிக்குத்தான் தெரியும்.

வீட்டு இணையமும் ஏறத்தாழ இவ்வாறே நடைபெறுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மூன்று பெட்டிகளும் எளிதில் விளங்கும்.

மோடம்: எல்லையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்

கணினிக்குத் தெரிந்தவை 0, 1 என்னும் இரு குறிகளே. பழைய தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலைச் சுமப்பதற்காக இழுக்கப்பட்டது. ஆகவே கணினியின் குறிகளைக் கம்பி தாங்கும் ஒலியாக மாற்றவும், வரும் ஒலியைக் குறிகளாக மீண்டும் மாற்றவும் ஒரு கருவி தேவைப்பட்டது. அதுவே மோடம். நம் நாட்டில் 1992-இல் ஜாரிங் சேவையும், 1996-இல் டிஎம்நெட் சேவையும் தொடங்கிய காலத்தில், தொலைபேசி எண்ணைச் சுழற்றிக் கீச்சொலியுடன் இணைந்தது இந்த மோடம்தான். 2001-இல் வந்த ஸ்ட்ரீமிக்ஸ் சேவையும் அதே செப்புக் கம்பியையே பயன்படுத்தியது.

கண்ணாடி இழையில் ஓடுவது மின்சாரமன்று, ஒளி. அந்த ஒளியை மின்குறியாக மாற்றும் பெட்டியையும் மக்கள் மோடம் என்றே அழைக்கின்றனர். பெயர் எதுவாயினும் வேலை ஒன்றே: வெளிக்கம்பியின் மொழியை வீட்டின் மொழியாக மாற்றுவது. அது கடிதங்களைப் பிரித்துக் கொடுப்பதில்லை.

ரவுட்டர்: வீட்டின் கிராணி

இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் எண்களால் ஆன முகவரி வேண்டும். இன்றும் பரவலாக வழங்கும் பழைய முறையில் கிடைக்கக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி மட்டுமே. உலக மக்கள் தொகையோ 800 கோடியைத் தாண்டிவிட்டது. ஒருவரே இரண்டு மூன்று கருவிகள் வைத்திருக்கிறார். ஆகவே வீட்டுக்கு ஒரு வெளிமுகவரி என்று வைத்து, உள்ளே உள்ள கருவிகளுக்கு வேறு முகவரிகளை வழங்கும் வழக்கம் ஏற்பட்டது. 192.168 என்று தொடங்கும் எண்கள் இத்தகைய உள்முகவரிகளே.

இவ்வுள்முகவரிகளை வழங்குவதும், எந்தக் கருவி எதைக் கேட்டது என்று குறித்துக்கொள்வதும், வந்த பதிலை அதற்குரிய கருவியிடமே சேர்ப்பதும் ரவுட்டரின் பணி. மகளின் கைப்பேசி கேட்ட பாடம் தந்தையின் தொலைக்காட்சிக்குப் போய்விடாமல் காப்பது இதுவே. இன்றைய ரவுட்டர்களில் வைஃபை அலை பரப்பும் கருவியும், நான்கு கம்பிகளைச் செருகும் இடமும் சேர்ந்தே வருகின்றன. சில பெட்டிகளில் மோடமும் உள்ளேயே அடங்கியிருக்கும். பெட்டி ஒன்றாக இருந்தாலும் வேலைகள் வெவ்வேறு என்பதை மறத்தலாகாது.

சுவிட்ச்: கிளை பிரிக்கும் பெட்டி

இங்கே சுவிட்ச் என்பது விளக்கைப் போடும் சுவிட்ச் அன்று. ஐந்து அல்லது எட்டுக் கம்பிகளைச் செருகும் இடமுள்ள சிறு பெட்டி இது. ரவுட்டரில் இடம் போதவில்லையெனில், ஒரு கம்பியை ரவுட்டரிலிருந்து சுவிட்சுக்குக் கொண்டுவந்து, மற்றக் கருவிகளைச் சுவிட்சில் இணைக்கலாம். எந்தச் செருகுதுளையில் எந்தக் கருவி உள்ளது என்பதைச் சுவிட்ச் தானே கற்றுக்கொண்டு, உரிய கம்பியில் மட்டும் செய்தியை அனுப்பும். சாதாரண சுவிட்ச் முகவரி வழங்குவதில்லை; அதை மோடத்தோடு நேராக இணைத்தால் வீடு முழுவதற்கும் இணையம் கிடைக்காது.

ஆகவே வரிசை இது: வெளிக்கம்பி, மோடம், ரவுட்டர், சுவிட்ச், அதன்பின் கருவிகள். ரவுட்டரில் தனி நிறத்திலோ, சற்று விலகியோ உள்ள ஒரு துளையின் மேல் டபிள்யூ.ஏ.என். என்று எழுதியிருக்கும். மோடத்திலிருந்து வரும் கம்பி அதில் செல்ல வேண்டும். எல்.ஏ.என். என்று எழுதிய துளைகள் வீட்டுக் கருவிகளுக்கு உரியவை.

ஒரு வீட்டில் இரண்டு கிராணிகள்

கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். ரவுட்டர் கூடத்தில் இருக்கிறது. பின்னறையில் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் மகளுக்கு அலை எட்டவில்லை. அண்ணன் கடையிலிருந்து இன்னொரு ரவுட்டரை வாங்கி வந்து, பழைய ரவுட்டரின் எல்.ஏ.என். துளையிலிருந்து புதியதன் எல்.ஏ.என். துளைக்குக் கம்பி இழுத்தார். அன்று மாலை எல்லாம் நன்றாக இருந்தது. மறுநாள் தாயின் கைப்பேசியில் இணையம் இருந்தது, மகளின் கணினியில் இல்லை. அணைத்துப் போட்டால் மகளுக்கு வந்தது, தந்தைக்கு நின்றது.

காரணம் எளிது. இரண்டு ரவுட்டர்களும் தாமே கிராணி என்று எண்ணி முகவரி வழங்கத் தொடங்கின. புதிய கிராணியிடம் முகவரி பெற்ற கருவி தன் கடிதங்களை அவரிடமே கொடுக்கும்; அவருக்கோ வெளியே செல்லும் வழி கிடையாது. எந்தக் கிராணி முந்திக்கொள்கிறார் என்பதைப் பொறுத்து, ஒரு நாள் ஒருவருக்கும் மறுநாள் இன்னொருவருக்கும் இணையம் நிற்கும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. புதிய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'ஆக்சஸ் பாயிண்ட்' என்னும் முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது அது கிராணி வேலையை விட்டு, அலை பரப்பும் வேலையை மட்டும் செய்யும். அம்முறை இல்லையெனில், முதலில் புதிய ரவுட்டரைத் தனியாக ஒரு கணினியுடன் இணைக்க வேண்டும். பழைய ரவுட்டரின் முகவரி 192.168.0.1 என்றால், புதியதற்கு 192.168.0.2 என்பது போல, வேறு கருவிகளுக்கு வழங்கப்படாத ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். பின்னர் முகவரி வழங்கும் 'டி.எச்.சி.பி.' என்னும் வசதியை அதில் நிறுத்திவிட்டு, எல்.ஏ.என். துளைகளின் வழியே இரண்டையும் இணைக்க வேண்டும். அவ்வளவே. ஒரு வீட்டுக்கு ஒரு கிராணி போதும்.

கம்பியும் வைஃபையும்

இடம்விட்டு இடம் நகராத கருவிகளுக்குக் கம்பியே சிறந்தது. தொலைக்காட்சி, மேசைக் கணினி ஆகியவற்றைக் கம்பியில் இணைத்தால் வைஃபை அலை கைப்பேசிகளுக்கு ஒழிந்து கிடைக்கும். 'கேட் 5இ' என்று மேலுறையில் அச்சிட்ட கம்பி, 100 மீட்டர் தூரம் வரை வினாடிக்கு 1,000 மெகாபிட் வேகம் தாங்கும். அதனுள் எட்டு இழைகள் உண்டு. அவற்றுள் சில அறுந்தால், இணைப்பு முற்றிலும் நிற்காமல் வேகம் 100 மெகாபிட்டாகக் குறைந்துபோவதும் உண்டு. ஆகவே கதவிடுக்கிலும் நாற்காலிக் காலடியிலும் கம்பியை விடலாகாது.

வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் பெரும்பாலும் இயங்குகிறது. முன்னது சுவரைத் தாண்டித் தூரம் செல்லும். பின்னது வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவரில் விரைவில் தளரும். அடுக்குமாடியில் பல வீடுகளின் அலைகள் மோதிக்கொள்வதால் 2.4 வரிசையில் நெரிசல் மிகுதி. அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 ஆகியவை. ரவுட்டரை வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், தொலைக்காட்சிக்கும் குளிர்ப்பெட்டிக்கும் பின்னால் மறையாமல் வைத்தல் நன்று. இதற்குச் செலவு ஏதுமில்லை.

குறை எங்கே என்று காணும் முறை

இணையம் நின்றால் பதற்றமின்றி, வெளியிலிருந்து உள்ளே வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மோடத்தின் விளக்குகள். எல்.ஓ.எஸ். என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இழை மடிந்தோ எலி கடித்தோ இருக்கலாம். இதை நாம் திருத்த இயலாது. சேவை நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். கழன்ற இழையின் முனையைக் கண்ணால் உற்றுப் பார்க்கவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடும்.

இரண்டாவது, மோடம் நலமாக இருந்தால், எல்லாவற்றையும் அணைத்து, முதலில் மோடம், இரண்டு நிமிடம் கழித்து ரவுட்டர், பின்னர் சுவிட்ச் என்ற வரிசையில் போட வேண்டும்.

மூன்றாவது, ஒரு கணினியை ரவுட்டரில் கம்பியால் இணைத்துப் பார்க்க வேண்டும். கம்பியில் நன்றாக வந்தால் குறை வைஃபையில். எல்லாருக்கும் வந்து ஒருவருக்கு மட்டும் வரவில்லையெனில் குறை அந்தக் கருவியிலோ அதன் கம்பியிலோ உள்ளது. கம்பியை மாற்றிப் பார்க்கலாம்.

இணைப்புக் கொடுத்தபோது தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எழுதிய தாளைப் பத்திரமாக வைத்தல் வேண்டும். ரவுட்டரை மாற்றும் நாளில் அது இல்லாமல் கை கட்டி நிற்க நேரும்.

பாதுகாப்பு

கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் மின்னல் மிகுதியாகத் தாக்கும் இடங்களுள் ஒன்று. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் பெட்டிகளுக்கு மின்சாரம் தரும் கம்பி கடத்தும். இடிமழை நெருங்கும்போதே செருகிகளைக் கழற்றிவிட வேண்டும். இடி தலைக்குமேல் வந்தபின் தொடாமல் இருப்பதே நலம். செலவைப் பகிர்ந்துகொள்ள ஒரு லயத்திலிருந்து மறு லயத்துக்குச் செப்புக் கம்பியை வெளியில் இழுத்தல் ஆபத்தானது. ஒரு மின்னலில் இரு வீட்டுக் கருவிகளும் போகும். உயிருக்கும் கேடு நேரலாம்.

ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுவது அவசியம். மாற்றாவிட்டால் அமைப்புப் பக்கத்தில் அயலார் நுழைந்து நம் கருவிகளின் போக்கைத் திருப்பிவிட இடமுண்டு.

கண்ணாடி இழை எட்டாத தோட்டங்களில், சிம் அட்டை செருகும் ரவுட்டர் உதவும். மோடத்தின் வேலையும் கிராணியின் வேலையும் அதனுள்ளேயே நடைபெறும். அதனை அலை நன்கு கிடைக்கும் சன்னலருகே வைத்து, அங்கிருந்து கம்பியோ வைஃபையோ உள்ளே கொண்டு செல்லலாம். சுவிட்சும் அதில் முறைப்படியே இணையும்.

ஒரு மரத்தில் பால் குறைந்தால் நாம் மரத்தையே குறை கூறுவதில்லை. பட்டையைப் பார்க்கிறோம், வெட்டைப் பார்க்கிறோம், மங்கைப் பார்க்கிறோம். அதே பொறுமையோடு இம்மூன்று பெட்டிகளையும் பார்த்தால் போதும். இன்று மாலை வேலை முடிந்து வீடு திரும்பியதும், பிள்ளைகளை அருகழைத்து, எது மோடம், எது ரவுட்டர், எது சுவிட்ச் என்று கேட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டுத் தாளில் பெயரெழுதி ஒட்டுவோமாக. தேர்வுக்கு முந்திய இரவில் இணையம் நின்றால், எந்தப் பெட்டியை முதலில் பார்ப்பது என்று வீட்டில் அனைவருக்கும் தெரிந்திருக்கும்.