கிணற்று மோட்டாரை றிலே மூலம் இயக்குதல்

மண்ணின் ஈரத்தை அளந்தோ, நேரத்தைக் கணித்தோ, நீரிறைக்கும் மோட்டாரைத் தானாகவே இயக்கி நிறுத்தும் நுண்கட்டுப்படுத்திகளை இப்போது கமக்காரர் பலர் தம் தோட்டங்களிற் பொருத்தி வருகின்றனர். விடியற்காலையில் எழுந்து சுவிச்சுப் போடும் தொல்லை இதனால் நீங்கும். ஆயினும் இதனைப் பொருத்தும் முறையில் நேரும் பிழை மோட்டாரையும் கிணற்றையும் மட்டுமன்றி, உயிரையும் வாங்க வல்லது. ஆதலாற் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

நுண்கட்டுப்படுத்தி 5 அல்லது 3.3 வோல்ற்றில் வேலை செய்வது. மோட்டாருக்கு வேண்டியதோ 230 வோல்ற்று. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் றிலே. வாய்க்காலின் மடைப்பலகையைத் தூக்கச் சிறுவனொருவனின் கைவலு போதும். பாயும் நீரோ அவனையே இழுத்துச் செல்லும். றிலேயும் அத்தகைய மடையே. அதனுள்ளிருக்கும் கம்பிச்சுருளிற் சிறிதளவு மின் பாய, அது காந்தமாகித் தொடுமுனையை இழுத்து, பெரிய மின் செல்லும் வழியைத் திறந்துவிடுகின்றது. சுருளுக்கும் தொடுமுனைக்கும் இடையே மின்தொடர்பு இல்லை.

5 வோல்ற்றுச் சுருள் ஏறக்குறைய 70 மில்லி அம்பியர் எடுக்கும். நுண்கட்டுப்படுத்தியின் ஒரு முனை 20 மில்லி அம்பியர் அளவே பாதுகாப்பாகத் தரவல்லது. எனவே வெறும் றிலேயை நேரே இணைத்தலாகாது. திரான்சிஸ்ரரும் டயோட்டும் சேர்த்து அமைத்த றிலேப் பலகையையே வாங்குக. 3.3 வோல்ற்றுக் கருவியாயின் அதற்கேற்ற பலகையைக் கேட்டு வாங்குக. 5 வோல்ற்றுப் பலகைகளுட் சில அதனுடன் இணைந்தால் நிறுத்தச் சொன்னாலும் நில்லா.

நீல நிறப் பெட்டி போன்ற றிலேயின் மேல் ‘10 அம்பியர், 250 வோல்ற்று’ என்று எழுதப்பட்டிருக்கும். இவ்வெழுத்தை நம்பியே பலர் ஏமாறுகின்றனர். அது மின்குமிழ், சூடேற்றி போன்றவற்றுக்குரிய அளவு. ஒரு குதிரைவலு மோட்டார் ஓடும்போது 5 முதல் 7 அம்பியர் எடுப்பினும், புறப்படும் கணத்தில் அதனைப்போல் ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். அப்போது தொடுமுனைகளிற் பொறி பறந்து, அவை உருகி ஒட்டிக்கொள்ளும். வெங்காயத் தோட்டமொன்றில் யான் இதனை நேரிற் கண்டேன். முன்னிரவில் ஒட்டிய றிலே, கருவி நிறுத்தச் சொல்லியும் விடவில்லை. விடியும்போது கிணறு வற்றி, நீரின்றி ஓடிய மோட்டாரும் கருகியிருந்தது. அவ்வீட்டார் அப்போகத்தில் எஞ்சிய இறைப்பு முழுவதற்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்க நேர்ந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே மிதக்கின்றது. அங்கே அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். துலா மிதித்த காலத்திற் கிணறு ஊறுவதற்கு நேரம் கிடைத்தது. மோட்டார் அந்நேரத்தைத் தராது.

இதற்குப் பரிகாரம், றிலேயையும் மோட்டாரையும் நேரே இணையாமல், இடையே கொன்ராக்டர் ஒன்றை வைப்பதாகும். உயிர்க்கம்பியை றிலேயின் பொதுமுனையிலும், வழமையில் திறந்திருக்கும் முனையைக் கொன்ராக்டரின் சுருளிலும் இணைக்க வேண்டும். சுருளின் மறுமுனை நொதுமற்கம்பிக்குச் செல்லும். மோட்டாரின் முழு மின்னையும் கொன்ராக்டரே தாங்கும். அதனுடன் மிகைச்சுமை காப்பும் பொருத்துக. கிணற்றில் மிதவைச் சுவிச்சு ஒன்றை அச்சுருளின் வழியிலேயே தொடராகச் சேர்த்தால், றிலே ஒட்டினாலும் நீர் தாழ்ந்தவுடன் மோட்டார் நிற்கும். இதனை வீண்செலவென்று விட்டுவிடாதீர்கள்.

பல பலகைகள், முனை தாழ்ந்த நிலைக்கு வரும்போதே இயங்கும் இயல்பின. நிரலில் முனையை வெளியீடாக்குவதற்கு முன்பே உயர்ந்த நிலையில் வையாவிடின், கருவி விழிக்கும்போதே மோட்டார் ஒருமுறை உதறும். மின்தடை நீங்கிய பின் இரண்டு நிமிடமாவது பொறுத்து இயங்கவும், குறித்த நேரத்துக்கு மேல் ஓடாதிருக்கவும் நிரலில் ஏற்பாடு செய்க. மோட்டாரிற் கைவைக்குமுன், மின்தடை நேரமாயினும், முதன்மைச் சுவிச்சை நிறுத்துக. திரும்பி வரும் மின் உங்களைக் கேட்டு வராது.

றிலேப் பலகையின் அடிப்புறத்து ஈயப் புள்ளிகளில் 230 வோல்ற்று நிற்கும். அதனை மூடிய பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்து, கம்பிகள் நுழையும் துளைகளை அடிப்புறத்தில் அமைத்து அடைத்துவிடுக. எறும்பும் பல்லியும் புகுந்து கெடுத்த பெட்டிகள் அநேகம். மெல்லிய கம்பிகளையும் 230 வோல்ற்றுக் கம்பிகளையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். 30 மில்லி அம்பியரில் விழும் றிப் சுவிச்சும் நல்ல புவிக்கம்பியும் இன்றி இவ்வேலையைத் தொடங்கவே கூடாது. 230 வோல்ற்றுப் பக்கத்தை, தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

முதலில் 230 வோல்ற்றை இணையாது, றிலே ‘டிக்’ என ஒலிப்பதைக் கேட்டு நிரலைச் சோதிக்கவும். அதன்பின் மோட்டாரை இணைத்து, முதல் இரண்டு மூன்று இறைப்புகளுக்குக் கிணற்றடியிலேயே நின்று பார்க்கவும்.